ட்ரூபல் மாட்யூல்: புதிய தளத்தில் புலம் இல்லை, பழைய தளத்தில் "ஏற்கெனவே உள்ளது" என்ற பிழை. இன்ஸ்டால், அப்டேட் ஹூக்குகளை எப்படி எழுதுவது?

நிரல்வழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ட்ரூபல் என்ற இணையதள மேலாண்மை மென்பொருளில், நிகழ்ச்சிகளுக்கு முன்பதிவு செய்யும் வசதியைச் சேர்ப்பதற்காக எழுதப்பட்ட ஒரு மாட்யூலின் பராமரிப்பு அண்மையில் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. ட்ரூபல் 10-இல் இயங்கும் இந்த மாட்யூல் பொதுவெளியில் வெளியிடப்பட்டது அன்று. எங்கள் கிட் களஞ்சியத்திலிருந்து பல தளங்களுக்குச் செல்கிறது. அவற்றுள் சில தளங்கள் ஒவ்வொரு பதிப்பையும் உடனுக்குடன் ஏற்றுக்கொள்கின்றன. வேறு சில, ஓராண்டுக்கு மேல் யாரும் தொடாமல் கிடந்து, பிறகு ஒரே தாவலில் கடைசிப் பதிப்புக்கு வருகின்றன. நான் இதுவரை வேர்ட்பிரஸ் செருகுநிரல்களில்தான் பழகியிருக்கிறேன்.

மாட்யூலின் இன்றைய நிலை இது. தொடக்கத்தில் "முன்பதிவு" என்ற ஓர் அட்டவணை மட்டுமே இருந்தது. அதில் நிகழ்ச்சியின் எண், பதிவு செய்தவரின் பெயர், தொலைபேசி எண், பதிவான நேரம் ஆகிய புலங்கள் இருந்தன. பின்னர் 10101 என்ற அப்டேட் ஹூக் (பழைய தளம் புதிய பதிப்புக்கு மாறும்போது ட்ரூபல் எண் வரிசையில் ஒருமுறை ஓட்டும் செயல்கூறு) அதில் "நிலை" என்ற புலத்தைச் சேர்த்தது. 10102, "காத்திருப்போர்" என்ற இரண்டாவது அட்டவணையை உருவாக்கியது. அதற்கான வரையறையை, மாட்யூலின் அட்டவணைகளை விவரிக்கும் செயல்கூறான ஸ்கீமா ஹூக்கை அழைத்து அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறது. 10103, அந்த இரண்டாவது அட்டவணையில் "முன்னுரிமை" என்ற புலத்தைச் சேர்க்கிறது. இப்போதைய ஸ்கீமா ஹூக்கில் காத்திருப்போர் அட்டவணை முன்னுரிமைப் புலத்துடன் இருக்கிறது. முன்பதிவு அட்டவணையிலோ நிலைப் புலம் சேர்க்கப்படவேயில்லை.

இதனால் நான் காணும் சிக்கல்கள் மூன்று. புதிதாக நிறுவிய தளத்தில் முதல் முன்பதிவைச் சேமிக்கும்போதே நிலை என்ற புலம் இல்லை என்று தரவுத்தளம் பிழை தருகிறது. நிலுவையில் அப்டேட் ஏதும் இல்லை என்றுதான் ட்ரஷ் என்ற ட்ரூபல் கட்டளைவரிக் கருவி சொல்கிறது. 10101-இல் நின்றுவிட்ட பழைய தளத்தைக் கடைசிப் பதிப்புக்குக் கொண்டுவந்தால், 10102 வெற்றியாக முடிந்து, 10103 "முன்னுரிமைப் புலம் ஏற்கெனவே உள்ளது" என்று நின்றுவிடுகிறது. மூன்றாவதாக, காத்திருப்போர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கும் புதிய அமைப்பு ஒன்று, மாட்யூலின் தொடக்க அமைப்புகளை வைக்கும் கான்ஃபிக் இன்ஸ்டால் அடைவில் உள்ள யாம்ல் (எளிய உரை வடிவ) கோப்பில் இருக்கிறது. அது பழைய தளங்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. மதிப்பு வெறுமையாக இருப்பதை நிரல் சுழியம் என்று கொள்வதால், அங்கே ஒருவரும் காத்திருப்போர் பட்டியலில் சேர முடியவில்லை.

அடுத்ததாக, தொலைபேசி எண்களை ஒரே வடிவத்துக்கு மாற்றும் வேலையும் காத்திருக்கிறது. ஒரு தளத்தில் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் உள்ளன. எதை இன்ஸ்டால் ஹூக்கில் எழுத வேண்டும், எதை அப்டேட் ஹூக்கில் எழுத வேண்டும், ஏற்கெனவே ஓடிவிட்ட அப்டேட்டைத் திருத்தலாமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

தளக்காவலர்

நிரல்வழி அவர்களுக்கு வணக்கம். உங்கள் முதல் இரண்டு சிக்கல்களுக்கும் வேர் ஒன்றுதான். ஒரு தளம் உங்கள் மாட்யூலின் இன்றைய நிலைக்கு வர இரண்டு பாதைகள் உள்ளன: ஒன்று புதிதாக நிறுவுவது, மற்றொன்று பழைய பதிப்பிலிருந்து படிப்படியாக ஏறி வருவது. இந்த இரண்டு பாதைகளையும் ட்ரூபல் உங்களுக்காக இணைத்துவைப்பதில்லை. இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்வதை உறுதிசெய்வது முழுக்க மாட்யூலை எழுதுபவரின் பொறுப்பு.

புதிதாக நிறுவும்போது ட்ரூபல் செய்வதைப் பாருங்கள். ஸ்கீமா ஹூக் தரும் வரையறையின்படி அட்டவணைகளை உருவாக்குகிறது. கான்ஃபிக் இன்ஸ்டால் அடைவில் உள்ள கோப்புகளை ஏற்றுகிறது. உங்கள் மாட்யூலில் உள்ள அப்டேட் ஹூக்குகளில் மிக உயர்ந்த எண் எதுவோ அதையே தளத்தின் ஸ்கீமா எண்ணாகக் குறித்துவைக்கிறது. இறுதியில் இன்ஸ்டால் ஹூக்கை அழைக்கிறது. அப்டேட் ஹூக்குகளில் ஒன்றுகூட ஓடுவதில்லை. நீங்களே சரிபார்க்கலாம்: புதிய தளத்தின் கீ_வேல்யூ அட்டவணையில், சிஸ்டம்.ஸ்கீமா என்ற தொகுப்பில், உங்கள் மாட்யூலின் பெயருக்கு எதிரே 10103 என்று இருக்கும். 10101 ஓடாமலேயே ஓடிவிட்டதாகக் கணக்கு. நிலுவையில் எதுவும் இல்லை என்று ட்ரஷ் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எனவே அப்டேட் ஹூக்கில் கட்டமைப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும், அதே கிட் கமிட்டில், ஸ்கீமா ஹூக்கிலும் அந்த மாற்றம் இடம்பெற வேண்டும். ஸ்கீமா ஹூக் என்பது எப்போதும் இன்றைய நிலை. அப்டேட் ஹூக் என்பது, அது எழுதப்பட்ட நாளில் இருந்த நிலையிலிருந்து அடுத்த நிலைக்குச் செல்லும் ஒரே ஒரு படி.

இரண்டாவது சிக்கல் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. 10102 எழுதப்பட்ட நாளில் ஸ்கீமா ஹூக்கை அழைத்தபோது, முன்னுரிமைப் புலம் இல்லாத வரையறை கிடைத்தது. இன்று அதே 10102 ஓடினால், புலம் உள்ள வரையறை கிடைக்கிறது. அன்று சரியாக ஓடிய நிரல், ஓர் எழுத்தும் மாறாமல், இன்று வேறு விளைவைத் தருகிறது. அப்டேட் ஹூக்கிலிருந்து ஸ்கீமா ஹூக்கை ஒருபோதும் அழைக்கக் கூடாது என்று ட்ரூபலின் ஆவணங்கள் வலியுறுத்துவது இதனால்தான். வரையறையை முழுமையாக நகலெடுத்து அப்டேட் ஹூக்குக்குள்ளேயே எழுத வேண்டும். ஒரே வரையறை இரண்டு இடங்களில் இருப்பது நல்ல நிரலாளருக்கு உறுத்தும். ஆனால் இங்கே அந்த நகல் அவசியமானது. இதே காரணத்துக்காக, உங்கள் மாட்யூலின் சர்வீஸ்களையும் துணைச் செயல்கூறுகளையும் அப்டேட் ஹூக்கிலிருந்து அழைக்காமல் இருப்பது நல்லது. அவை நாளை மாறலாம். இன்னும் உருவாகாத அட்டவணையை அவை படிக்க முயலலாம்.

இனித் திருத்தும் முறை. ஏற்கெனவே ஓடிய அப்டேட்டைத் திருத்தலாமா என்ற கேள்விக்கு, எந்தத் தளத்துக்காகத் திருத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தே பதில் சொல்ல முடியும். அது ஓடி முடிந்த தளங்களில் மறுபடி ஓடாது என்பதால், அத்தளங்களைச் சரிசெய்யும் நோக்கத்தில் பழைய ஹூக்கைத் திருத்துவது பயனற்றது. அதை இன்னும் ஓட்டாத தளங்களுக்கு அது சரியாக ஓட வேண்டும் என்றால் திருத்தியே ஆக வேண்டும். உங்கள் நிலையில் இரண்டும் தேவைப்படுகின்றன.

முதலில் ஸ்கீமா ஹூக்கில் நிலைப் புலத்தைச் சேருங்கள். இனி நிறுவப்படும் தளங்கள் சரியாகிவிடும். ஏற்கெனவே குறையோடு நிறுவப்பட்ட தளங்களுக்காக 10104 என்று புதிய அப்டேட் ஒன்றை எழுதுங்கள். நிலைப் புலம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் அது சேர்க்கட்டும். பிறகு கிட் வரலாற்றில் 10102 சேர்க்கப்பட்ட கமிட்டுக்குப் போய், அன்றைய ஸ்கீமா ஹூக்கில் காத்திருப்போர் அட்டவணையின் வரையறை எப்படி இருந்ததோ அதை அப்படியே 10102-க்குள் வையுங்கள். இறுதியாக, 10102 முடிந்து 10103-இல் சிக்கி நிற்கும் தளங்களுக்காக, 10103-இல் புலம் ஏற்கெனவே இருக்கிறதா என்ற சோதனையைச் சேருங்கள். அவை அந்தப் படியைக் கடந்து 10104-க்குச் சென்றுவிடும்.

10101-இல் இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய பதிவுகளின் நிலை "நிலுவை" என்று தொடங்க வேண்டும், ஆனால் புலம் சேர்வதற்கு முன்பே இருந்த பதிவுகள் அனைத்தும் "உறுதி" என்று கொள்ளப்பட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். புலத்தின் வரையறையில் டிஃபால்ட் என்ற மதிப்பு புதிய பதிவுகளுக்கானது. இனிஷியல் என்ற மதிப்பு, புலத்தைச் சேர்க்கும் அந்த நேரத்தில் அட்டவணையில் இருக்கும் பழைய பதிவுகளுக்கானது. இனிஷியல் அப்டேட் ஹூக்கில் மட்டுமே பொருளுடையது. ஸ்கீமா ஹூக்கிலிருந்து வரையறையை நகலெடுத்து ஒட்டும்போது இதைச் சேர்க்க மறந்தால், பல ஆண்டுகளுக்கு முந்தைய முன்பதிவுகள் எல்லாம் ஒரே நாளில் நிலுவைக்குப் போய்விடும்.

அணிநிழல்

தளக்காவலர் அவர்கள் சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். "இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் சேர்" என்ற சோதனையைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இந்த உரையாடலைப் படிப்பவர்கள் அதை எல்லா அப்டேட்களிலும் வழக்கமாக எழுதத் தொடங்கிவிடக் கூடாது.

அந்தச் சோதனை பெயரை மட்டுமே பார்க்கிறது. அதே பெயரில், வேறு வகையில், வேறு நீளத்தில் ஒரு புலம் இருந்தாலும் சோதனை நிறைவடைந்துவிடும். அப்டேட் வெற்றி என்று பதிவாகும். அந்தத் தளத்தின் கட்டமைப்பு மற்றவற்றிலிருந்து விலகிவிட்டது என்பது ஒருவருக்கும் தெரியவராது. பிழை வந்து நின்ற அப்டேட்டைச் சரிசெய்ய முடியும். பிழையை விழுங்கிவிட்டு முன்னே சென்ற அப்டேட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஆகவே நிரல்வழி அவர்களின் 10103, 10104 போல, தளங்கள் இரண்டு வேறு நிலைகளில் இருக்கின்றன என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும் சோதனையை எழுதுங்கள். ஏன் எழுதினோம் என்பதை அதன் மேலேயே குறிப்பாகப் பதியுங்கள்.

பாதியில் அறுந்த அப்டேட்டை மறுபடி ஓட்டுவதற்காகவே பலர் இந்தச் சோதனையை எழுதுகிறார்கள். அதற்கு வேறு வழி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல், மரியாடிபி ஆகியவற்றில் அட்டவணையின் கட்டமைப்பை மாற்றும் கட்டளைகள் உடனே நிலைபெற்றுவிடும். ட்ரான்ஸாக்ஷனுக்குள் வைத்தாலும் அவற்றைத் திரும்பப் பெற முடியாது. ஓர் அப்டேட் ஹூக் இரண்டு புலங்களைச் சேர்க்கிறது என்றும், இரண்டாவதில் பிழை வருகிறது என்றும் கொள்ளுங்கள். முதல் புலம் அட்டவணையில் தங்கிவிடும். அப்டேட் தோற்றதால் ஸ்கீமா எண் நகராது. காரணத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி ஓட்டினால், இம்முறை முதல் புலத்திலேயே "ஏற்கெனவே உள்ளது" என்று நிற்கும். ஒரு ஹூக்குக்கு ஒரே ஒரு கட்டமைப்பு மாற்றம் என்று எழுதினால் இந்தச் சிக்கலே எழாது, ஏனெனில் ட்ரூபல் ஒவ்வொரு ஹூக் முடிந்ததும் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. எண்கள் தீர்ந்துவிடும் என்று தயங்க வேண்டாம். ஒரு முதன்மைப் பதிப்புக்கு கடைசி இரண்டு இலக்கங்கள் முழுவதும் உங்களுக்காகவே உள்ளன.

அப்டேட் தன் வேலையைச் செய்ய முடியாத நிலை வந்தால், அப்டேட் எக்ஸெப்ஷனை எறிந்து நிறுத்துங்கள். செய்தியை மட்டும் திருப்பித் தந்துவிட்டு வெளியேறினால் அதை ட்ரூபல் வெற்றியாகவே கொள்ளும். எக்ஸெப்ஷன் எறியப்பட்டால், அதே மாட்யூலின் அடுத்தடுத்த எண்கள் அந்த ஓட்டத்தில் ஓடாமல் நிறுத்தப்படும்.

இனித் தொலைபேசி எண்கள். இது கட்டமைப்பு மாற்றம் அன்று, தரவு மாற்றம் என்பதால், போஸ்ட் அப்டேட் ஹூக்கில் எழுதுவதே முறை. எல்லா மாட்யூல்களின் எண்ணிட்ட அப்டேட்களும் முடிந்த பிறகே போஸ்ட் அப்டேட்கள் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் தளம் முழுமையாக இயங்கும் நிலையில் இருப்பதால், எண்ணிட்ட ஹூக்குகளில் தவிர்க்க வேண்டிய என்டிட்டி ஏபிஐ (ட்ரூபலின் உள்ளடக்கப் பொருள்களைக் கையாளும் இடைமுகம்) போன்றவற்றையும் இங்கே பயன்படுத்தலாம். இவற்றுக்கு எண் இல்லை, பெயர்தான் உண்டு. ஒரு மாட்யூலுக்குள் அவை ஓடும் வரிசையை அந்தப் பெயரே முடிவு செய்கிறது. வரிசை முக்கியம் என்றால் பெயரின் தொடக்கத்திலேயே அதைக் காட்டிவிடுங்கள்.

இரண்டு லட்சம் பதிவுகளை ஒரே ஓட்டத்தில் மாற்ற முயன்றால், இணைய வழியில் அப்டேட் செய்பவருக்கு நேரம் கடந்துவிடும். நினைவகமும் போதாமல் போகலாம். சாண்ட்பாக்ஸ் என்ற அளவுருவைப் பயன்படுத்திப் பகுதி பகுதியாகச் செய்யுங்கள். ஹூக் ஒவ்வொரு முறை அழைக்கப்படும்போதும் ஒரு பகுதியை முடித்து, ஃபினிஷ்ட் என்ற மதிப்பை ஒன்றுக்குக் குறைவாக வைத்தால் ட்ரூபல் மறுபடி அழைக்கும். ஒன்று ஆனதும் நிறுத்தும். முடித்த எண்ணிக்கையை மொத்த எண்ணிக்கையால் வகுத்து அந்த மதிப்பைக் கணக்கிடுவதே எங்கும் காணப்படும் முறை. அதில் இரண்டு பொறிகள் உண்டு. அட்டவணை காலியாக இருக்கும் தளத்தில் மொத்தம் சுழியம் என்பதால், பிஎச்பி 8-இல் வகுத்தல் பிழை எழுந்து அப்டேட் தோற்கும். வேலை நடக்கும்போதே யாரேனும் சில பதிவுகளை நீக்கிவிட்டால், முடித்த எண்ணிக்கை மொத்தத்தை எட்டவே எட்டாது. அப்டேட் முடிவின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் எழுதும் முறை இது. கடைசியாகப் பார்த்த பதிவின் முதன்மை எண்ணைச் சாண்ட்பாக்ஸில் வைத்துக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய எண் உள்ள பதிவுகளை ஏறுவரிசையில் 500 மட்டும் எடுக்கிறேன். எதுவும் கிடைக்காவிட்டால் ஃபினிஷ்ட் ஒன்று. கிடைத்தால், கடைசி எண்ணை முதல் அழைப்பில் எடுத்துவைத்த உச்ச எண்ணால் வகுத்து, அது ஒன்றை எட்டாதபடி சற்றுக் குறைத்து வைக்கிறேன். முடிவை வகுத்தல் தீர்மானிப்பதில்லை. பதிவுகள் தீர்ந்ததே தீர்மானிக்கிறது. மாற்றும் விதியும் இருமுறை ஓடினால் கெடாததாக இருக்க வேண்டும். "முன்னால் +91 சேர்" என்பது இருமுறை ஓடினால் கெடும் விதி. "இலக்கங்களை மட்டும் எடு; பத்து இலக்கம் இருந்தால் மட்டும் +91 சேர்" என்பது கெடாத விதி. எந்த வடிவத்திலும் பொருந்தாத எண்களைத் தொடாமல் விட்டுவிட்டு, அத்தகையவை எத்தனை என்பதை ஹூக் திருப்பித் தரும் செய்தியில் சொல்லுங்கள்.

பொதிகைத்தென்றல்

நிரல்வழி அவர்கள் வேர்ட்பிரஸிலிருந்து வருவதால் ஒரு சிறு ஒப்பீடு. வேர்ட்பிரஸ் 3.1-க்குப் பிறகு, செருகுநிரலைப் புதுப்பிக்கும்போது ஆக்டிவேஷன் ஹூக் அழைக்கப்படுவதில்லை. அதனால் நாம் ஆப்ஷன்ஸ் அட்டவணையில் ஒரு பதிப்பு எண்ணை வைத்து, செருகுநிரல்கள் ஏறும் நேரத்தில் அதை ஒப்பிட்டு, தேவைப்பட்டால் டிபிடெல்டாவை அழைக்கிறோம். டிபிடெல்டா இன்றைய வரையறையையும் தரவுத்தளத்தில் உள்ளதையும் ஒப்பிட்டுக் குறைபவற்றைச் சேர்ப்பதால், நிறுவலுக்கும் புதுப்பிப்புக்கும் ஒரே வரையறை போதுமானதாக இருக்கிறது. 10102 ஸ்கீமா ஹூக்கை அழைப்பது அந்தப் பழக்கத்தின் சாயலாக இருக்கக்கூடும். ட்ரூபலில் அப்படி ஒப்பிட்டுச் சேர்க்கும் வழி தனி அட்டவணைகளுக்குக் கிடையாது. படிப்படியாக எழுதியே தீர வேண்டும்.

ட்ரூபலின் முறையில் வேலை அதிகம் என்றாலும் எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. டிபிடெல்டா நீக்கப்பட்ட புலத்தை அகற்றாது. தரவை மாற்றவும் அதற்குத் தெரியாது. மேலும், வேர்ட்பிரஸில் அந்த ஒப்பீடு தளத்துக்கு வரும் ஏதோ ஒரு பார்வையாளரின் வருகையில் நடந்துவிடுகிறது. ஒரே நேரத்தில் இருவர் வந்தால் இரண்டு முறையும் தொடங்கலாம். ட்ரூபலில் பொறுப்பாளர் தானாக முடிவெடுத்து, காப்பு நகல் எடுத்துவிட்டு, அப்டேட்டை ஓட்டுகிறார்.

வைகறை

மூன்றாவது சிக்கலான அமைப்புகளைப் பற்றி இதுவரை யாரும் எழுதாததால் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். கான்ஃபிக் இன்ஸ்டால் அடைவை ட்ரூபல் படிப்பது மாட்யூலை நிறுவும் நேரத்தில் மட்டுமே. அதன் பிறகு அந்தக் கோப்பை எத்தனை முறை மாற்றினாலும் தளத்தில் உள்ள அமைப்பு மாறாது. அது சரியான நடத்தையும்கூட. தளத்தின் பொறுப்பாளர் தாமாக வைத்த மதிப்புகளை மாட்யூலின் புதிய பதிப்பு மேலெழுதிவிடக் கூடாது அல்லவா? எனவே உச்சவரம்பை அமைக்க ஓர் அப்டேட் ஹூக் தேவை. அமைப்பைத் திருத்தத்துக்காகத் திறந்து, அந்தச் சாவி வெறுமையாக இருந்தால் மட்டும் மதிப்பை வைத்துச் சேமியுங்கள். சிலர் கையாலேயே அதைச் சேர்த்திருப்பார்கள். அவர்கள் வைத்த மதிப்பு அப்படியே இருக்கட்டும். கான்ஃபிக் ஸ்கீமா அடைவில் உள்ள கோப்பிலும் புதிய சாவியைச் சேர்க்க வேண்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்து வருகிறது. உங்கள் தளங்களில் அமைப்புகள் யாம்ல் கோப்புகளாக ஏற்றுமதியாகி, கிட் வழியே நேரடித் தளத்துக்குச் செல்கின்றன என்றால், அங்கே முதலில் அப்டேட்கள் ஓடி, பிறகு கான்ஃபிக் இறக்குமதி நடக்க வேண்டும். ட்ரஷ் டிப்ளாய் என்ற கட்டளையும் இந்த வரிசையில்தான் செய்கிறது. நேரடித் தளத்தில் அப்டேட் ஹூக் ஓடி உச்சவரம்பைச் சேர்க்கிறது. அடுத்த நொடியில் நடக்கும் இறக்குமதி, கிட்டில் உள்ள பழைய யாம்ல் கோப்பில் அந்தச் சாவி இல்லாததால் அதை நீக்கிவிடுகிறது. அப்டேட் ஓடி முடிந்துவிட்டதாக எண் பதிவாகிவிட்டது. இனி அது திரும்ப ஓடாது. இரண்டு படிகளும் பிழையின்றி முடிந்திருக்கும், அமைப்பு மட்டும் இருக்காது. இதைத் தவிர்க்க, புதிய மாட்யூல் பதிப்பை உங்கள் கணினியில் உள்ள நகல் தளத்தில் ஏற்றி, அங்கே அப்டேட்டை ஓட்டி, அமைப்புகளை ஏற்றுமதி செய்து, அதில் மாறிய யாம்ல் கோப்புகளை மாட்யூலின் புதிய பதிப்போடு சேர்த்தே கமிட் செய்யுங்கள்.

இன்ஸ்டால் ஹூக்கிலும் இதே போன்ற ஒரு நுணுக்கம் உண்டு. கான்ஃபிக் இறக்குமதியின் ஒரு பகுதியாகவும் மாட்யூல் நிறுவப்படலாம். அப்போது இன்ஸ்டால் ஹூக்குக்கு வரும் அளவுரு, இறக்குமதி நடந்துகொண்டிருக்கிறது என்பதைத் தெரிவிக்கும். அந்நேரத்தில் ஹூக் அமைப்புகளை உருவாக்கவோ மாற்றவோ கூடாது. அவை இறக்குமதியிலேயே வரும்.

நிரல்வழி

விளக்கமாகப் பதிலளித்த அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கீ_வேல்யூ அட்டவணையைப் பார்த்தேன்; தளக்காவலர் அவர்கள் சொன்னபடியே புதிய தளத்தில் 10103 என்று இருந்தது. ஸ்கீமா ஹூக்கையும் 10102, 10103 ஆகியவற்றையும் திருத்தி, 10104-ஐ எழுதி, 10101-இல் நின்றிருந்த தளத்தின் நகலில் ஓட்டிப் பார்த்தேன். எல்லாப் படிகளும் முடிந்தன. உச்சவரம்பை 10105 ஆக எழுதியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. புதிய நிறுவலும் பழைய தளமும் ஒரே நிலையில் இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்து நம்பாமல் முறையாக உறுதிப்படுத்துவது எப்படி? அப்டேட் ஹூக்குகள் பெருகிக்கொண்டே போனால், மிகப் பழையவற்றை என்றைக்காவது நீக்க முடியுமா?

தளக்காவலர்

உறுதிப்படுத்த எளிய வழி, இரண்டு காலித் தரவுத்தளங்களை எடுத்துக்கொள்வது. ஒன்றில் மாட்யூலின் இன்றைய பதிப்பை நேரடியாக நிறுவுங்கள். மற்றொன்றில், கிட்டில் முதல் பதிப்பின் குறிச்சொல்லுக்குப் போய் அதை நிறுவி, சில மாதிரிப் பதிவுகளையும் உள்ளிட்டு, பிறகு இன்றைய நிரலுக்கு வந்து அப்டேட்களை ஓட்டுங்கள். இரண்டிலும் உங்கள் அட்டவணைகளின் உருவாக்கக் கட்டளையை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். புலங்களின் வரிசை மாறியிருக்கலாம், அதனால் தீங்கில்லை. வகை, நீளம், வெறுமைக்கு இடமுண்டா என்பது, டிஃபால்ட் மதிப்பு, இண்டெக்ஸ்கள் ஆகியவற்றில் ஒரு வேறுபாடும் இருக்கக் கூடாது. இண்டெக்ஸ்களை மறவாமல் பாருங்கள். ஸ்கீமா ஹூக்கில் இண்டெக்ஸ் இருந்து அப்டேட் ஹூக்கில் இல்லாமல் போனால் பிழைச்செய்தி ஏதும் எழாது. பழைய தளங்கள் மட்டும் மெதுவாக இயங்கும், காரணம் புலப்படாது.

அமைப்புகளுக்கும் இதுபோல இரண்டு தளங்களிலும் ஏற்றுமதி செய்து, கோப்புகளை ஒப்பிடுங்கள். அதில் கோர் என்ற சாவியின் கீழ் உள்ள இயல்புநிலைக் கான்ஃபிக் ஹாஷ் மட்டும் வேறுபட்டிருக்கும். அது நிறுவிய நாளின் கோப்பிலிருந்து கணக்கிடப்பட்டது, அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. யுயுஐடி மதிப்புகளும் இயல்பாகவே வேறுபடும். இதைத் தானியங்கிச் சோதனையாகவும் எழுதலாம். கோரில் உள்ள அப்டேட் பாத் டெஸ்ட் பேஸ் என்ற வகுப்பு, பழைய தரவுத்தளத்தின் நகலை ஏற்றி, அப்டேட்களை ஓட்டி, அதன் பின் நீங்கள் எழுதும் சோதனைகளைச் செய்யும். இத்தனை தளங்கள் உள்ள மாட்யூலுக்கு அந்த உழைப்பு வீண்போகாது.

மாட்யூலை நீக்கும் பாதையையும் ஒருமுறை சோதியுங்கள். நீக்கும்போது ட்ரூபல் தானாக அகற்றுவது ஸ்கீமா ஹூக்கில் உள்ள அட்டவணைகளையும், மாட்யூலின் பெயரில் தொடங்கும் அமைப்புகளையும் மட்டுமே. அப்டேட் ஹூக்கில் மட்டும் உருவாகி ஸ்கீமா ஹூக்கில் இடம்பெறாத அட்டவணை தங்கிவிடும். பின்னாளில் அது ஸ்கீமா ஹூக்கில் சேர்ந்து, அதே தளத்தில் யாரேனும் மாட்யூலை மறுபடி நிறுவினால், அட்டவணை ஏற்கெனவே உள்ளது என்று நிறுவலே தோற்கும். ட்ரூபலின் ஸ்டேட் என்ற சேமிப்பிடத்தில் ஏதேனும் சேமித்திருந்தால் அதை அன்இன்ஸ்டால் ஹூக்கில் நீங்களே அழிக்க வேண்டும்.

பழைய அப்டேட்களை நீக்கலாம். சும்மா அழித்துவிடக் கூடாது. லாஸ்ட் ரிமூவ்டு என்ற அப்டேட் ஹூக்கை எழுதி, நீக்கியவற்றுள் கடைசி எண்ணைத் திருப்பித் தாருங்கள். அந்த எண்ணை எட்டாத தளம் நேரடியாக இந்தப் பதிப்புக்கு வர முயன்றால், முதலில் இடைப்பட்ட பதிப்பு ஒன்றுக்கு வர வேண்டும் என்று ட்ரூபல் தடுத்துவிடும். அதை எழுதாமல் நீக்கினால், ஓராண்டாகத் தொடாமல் கிடக்கும் உங்கள் தளம் நடுவிலுள்ள படிகளைத் தாண்டிச் சென்றுவிடும். ஓர் எச்சரிக்கையும் வராது. போஸ்ட் அப்டேட்களுக்கு ரிமூவ்டு போஸ்ட் அப்டேட்ஸ் என்று தனி ஹூக் உண்டு. நீக்கிய பெயர்களையும், எந்தப் பதிப்பில் நீக்கப்பட்டன என்பதையும் அதில் தர வேண்டும். ட்ரூபல் கோரும் இப்படித்தான் செய்கிறது: 2020-இல் ட்ரூபல் 9 வந்தபோது பழைய அப்டேட்கள் நீக்கப்பட்டிருந்ததால், 8.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் இருந்த தளங்களே அதற்கு நேரடியாக வர முடிந்தது. உங்கள் நிலையில், எல்லாத் தளங்களும் 10105-ஐக் கடந்துவிட்டன என்று உறுதியான பிறகு, மாட்யூலின் அடுத்த முதன்மைப் பதிப்பில் இதைச் செய்யுங்கள்.

எண்களைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். இரண்டு பேர் இரண்டு கிளைகளில் வேலை செய்யும்போது, ஒருவர் 10106-ஐயும் மற்றவர் 10107-ஐயும் எழுதி, 10107 முதலில் வெளியாகிவிட்டால், அதை ஓட்டிவிட்ட தளங்களில் பின்னர் வரும் 10106 ஒருபோதும் ஓடாது. ட்ரூபல் குறித்துவைப்பது ஒரே ஓர் எண்ணை; ஓடியவற்றின் பட்டியலை அன்று. கிளையை இணைக்கும் நேரத்தில், அதுவரை வெளியானவற்றுள் உயர்ந்த எண்ணைப் பார்த்து, அதற்கு அடுத்த எண்ணைக் கொடுங்கள்.